ஜமக்காளப் பட்டைக் கணக்கு: எழிலில் எழுதிப் பழகிய மடக்கும் செயற்கூறும்

பவானி ஜமக்காளம் ஒன்றில் எந்த நிறம் எத்தனையாவது அங்குலம் வரை வரவேண்டும், ஒவ்வொரு நிறத்துக்கும் எவ்வளவு ஊடை நூல் (குறுக்கே ஓட்டும் நூல்) தேவை என்று சொல்லும் சிறிய நிரலை, எழில் என்ற தமிழ் நிரல்மொழியில், அக்கா மகளும் நானும் சேர்ந்து எழுதினோம். செய்த வரிசையிலேயே இங்கே பதிந்து வைக்கிறேன். வீட்டுப் பிள்ளைக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்களுக்கு உதவும்.

அவள் பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறாள். மாநிலப் பாடத்திட்டத்தில் அந்த வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ், அடுத்த வகுப்புக்குப் பைத்தான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது மடக்கு. ஃபார், வைல், டூ-வைல் என்று மூன்று மடக்குகளையும் பார்க்காமல் எழுதிவிடுவாள். எந்த வேலைக்கு எதை எடுப்பாய் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஒன்று முதல் பத்து வரை அச்சிடு, ஐந்தாம் வாய்ப்பாட்டை அச்சிடு என்பதைப் போன்ற பயிற்சிகள் மடக்கு எப்படி ஓடுகிறது என்பதைக் காட்டும். எதற்காக ஓடவேண்டும் என்பதைக் காட்டாது. ஐந்தாம் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்குக் கணினி அதை ஒப்பிப்பதில் என்ன ஆர்வம் வரும்?

அதனால் வீட்டில் நடக்கிற வேலையையே எடுத்துக்கொண்டோம். அக்கா வீட்டில் குழித்தறி இருக்கிறது. அக்காவின் கணவரான மாமா ஜமக்காளம் நெய்கிறவர். அகலம் கூடிய ஜமக்காளமென்றால் ஒரே தறியில் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கைமாற்றி நெய்யவேண்டும். அப்போது அக்காவும் குழியில் இறங்கிவிடுவார். ஜமக்காளத்தில் பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் நூல், வெளியே அவ்வளவாகத் தெரியாது. கண்ணில் படுகிற நிறமெல்லாம் ஊடைதான். கறுப்பு ஊடையை ஓட்டினால் கறுப்புப் பட்டை, மாற்றிச் சிவப்பை ஓட்டினால் சிவப்புப் பட்டை. பூ வேலை இல்லாத சாதாரணப் பட்டை ஜமக்காளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக எழுதிவிடலாம். வரிசையாக நடக்கும் வேலை, அதற்குள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள், இரண்டு முனைகளிலும் ஒரே கரை. மடக்கையும், ஒரு வேலையைப் பெயரிட்டுத் தனியே எழுதிவைத்து வேண்டியபோது அழைக்கும் செயற்கூறையும் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தோன்றவில்லை.

மொழியாக எழிலைத் தேர்ந்தெடுத்தோம். முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி இது. பைத்தானின் மேல் இயங்குகிறது, கட்டற்ற மென்பொருள். அவளுடைய அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியில் பைத்தான் ஏற்கெனவே இருந்தது. பைத்தான் மென்பொருள்களை நிறுவித் தரும் பிப் என்ற கருவி வழியாக எழிலை நிறுவிக்கொண்டோம். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிரலை வேர்டு போன்ற ஆவண மென்பொருளில் எழுதி ஒட்டாதீர்கள். அது நேரான மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக மாற்றிவிடும். நிரல்மொழிகள் பொதுவாக அவற்றை ஏற்பதில்லை. வெறும் உரைத் திருத்தி போதும்.

எழிலை எடுத்ததற்குத் தமிழ்ப் பற்று மட்டும் காரணமில்லை. அந்த வீட்டில் ஜமக்காளத்தைப் பற்றி முழுமையாக அறிந்தவர் மாமா. அவர் படித்துப் பார்க்கக்கூடிய நிரலாக அது இருக்கவேண்டும் என்று விரும்பினேன்.

மாதிரிக்கு நான்கடி அகலம், ஆறடி நீளம் கொண்ட ஜமக்காளம். கணக்கு எளிதாக இருப்பதற்காக ஓர் அங்குலத்துக்கு 20 ஊடை என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் இது நூலின் பருமனையும் அடிக்கும் அழுத்தத்தையும் பொறுத்து மாறும். ஆறடி என்றால் 72 அங்குலம். ஆக 1440 ஊடை. கரையில் கறுப்பு 40, மஞ்சள் 20, மீண்டும் கறுப்பு 40. உடலில் சிவப்பு 100, பச்சை 14 என்று மாறி மாறி.

முதல் வேலையாக, மடக்கே இல்லாமல் எழுதச் சொன்னேன்.

பதிப்பி "கறுப்பு"
பதிப்பி "கறுப்பு"
பதிப்பி "கறுப்பு"

நாற்பது வரி எழுதவேண்டும். பாதி தாண்டுவதற்குள், "சித்தி, இதற்குத்தானே வைல் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வரும்வரை காத்திருப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். கை வலித்த பிறகு வரும் மடக்கு மறக்காது.

எழிலில் அதை இப்படி எழுதவேண்டும்:

இழை = 1
@( இழை <= 40 ) வரை
    பதிப்பி இழை, "கறுப்பு"
    இழை = இழை + 1
முடி

அடைப்புக்குறிக்குள் இருக்கும் நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை, 'வரை'க்கும் 'முடி'க்கும் நடுவில் உள்ளவை திரும்ப நடக்கும். இதில் நான்கு உறுப்புகள்: எங்கே தொடங்குவது, எதுவரை போவது, என்ன செய்வது, ஒவ்வொரு சுற்றிலும் எது மாறுவது. கடைசி உறுப்பைத்தான் புதிதாகக் கற்பவர்கள் விடுவார்கள். அவளும் விட்டாள். இழையைக் கூட்டும் வரி இல்லாததால் திரை முழுக்க "1 கறுப்பு" என்று நிற்காமல் ஓடியது. கன்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்தி நிறுத்தினோம்.

அப்போது மாமா பக்கத்தில் தார் (நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல் சுருள்) சுற்றிக்கொண்டிருந்தார். "ஜக்கார்டு அட்டையும் இப்படித்தான். கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டிவிட்டால் ஆள் நிறுத்துகிற வரைக்கும் அதே பூ வந்துகொண்டே இருக்கும்" என்றார். சரியான கவனிப்பு. பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804இல் கொண்டுவந்த தறியமைப்பு அது. துளையிட்ட ஒவ்வோர் அட்டையும் ஓர் ஊடைக்கு எந்தப் பாவு இழைகள் எழவேண்டும் என்பதைச் சொல்லும். அட்டைகளைக் கோத்து வளையமாக்கினால் வடிவம் திரும்பத் திரும்ப வரும். எப்போது நிற்பது என்ற தகவல் அந்த வளையத்தில் இல்லை; அது நெய்பவரிடம் இருக்கிறது. நம் மடக்கில் அதை நிபந்தனையாக எழுதிவைக்கிறோம். நிபந்தனையில் உள்ள எண் மாறாவிட்டால் எழுதியும் பயனில்லை. மாமா சொன்னதை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த தடுமாற்றம் 39ஆ, 40ஆ, 41ஆ என்பது. <= என்பதற்குப் பதில் < போட்டால் 39 வரிதான் வரும். இழையை 0இலிருந்து தொடங்கி <= போட்டால் 41. இதற்கு ஒரே வழி, பெரிய எண்ணை விட்டுவிட்டு 3 என்று வைத்துத் தாளில் ஓட்டிப் பார்ப்பதுதான். இடப்பக்கம் இழையின் மதிப்பு, நடுவில் நிபந்தனை உண்மையா பொய்யா, வலப்பக்கம் திரையில் என்ன வரும். மூன்று கட்டம் போட்டு நான்கு வரி எழுதினால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும். நாற்பதை வைத்து யோசிப்பவர்கள் ஊகிப்பார்கள். மூன்றை வைத்து யோசிப்பவர்கள் பார்ப்பார்கள். இந்தப் பழக்கத்தை நான் கொஞ்சம் கண்டிப்போடு வலியுறுத்தினேன். தாளில் ஓட்டாமல் குறியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு விடுவது சிரமம்.

கறுப்புக்கு ஒரு மடக்கு, மஞ்சளுக்கு ஒன்று, மீண்டும் கறுப்புக்கு ஒன்று. கரை முடிவதற்குள் ஒரே மாதிரியான மூன்று மடக்குகள் வந்துவிட்டன. மூன்றையும் தாளில் அடுத்தடுத்து எழுதி, ஒன்றுக்கொன்று வேறுபடும் இடங்களை மட்டும் சிவப்பு மையில் கோடிடச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் இரண்டே இடம்: நிறத்தின் பெயர், எத்தனை இழை. மற்றவையெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. கோடு விழுந்த இடங்கள் அடைப்புக்குறிக்குள் போகும், கோடு விழாதவை உள்ளே போகும். செயற்கூறை எழிலில் நிரல்பாகம் என்று எழுதவேண்டும்.

நிரல்பாகம் பட்டை( நிறம், எத்தனை )
    இழை = 1
    @( இழை <= எத்தனை ) வரை
        பதிப்பி இழை, நிறம்
        இழை = இழை + 1
    முடி
முடி

இப்போது பட்டை( "கறுப்பு", 40 ) என்றால் போதும். சிவப்பு மைக் கோட்டு வழி எனக்குப் பிடித்தது. "அளபுரு என்றால் என்ன" என்று வரையறை சொல்லி விளக்குவதைவிட, அவளே கோடிட்ட இடத்துக்குப் பெயர் வைக்கச் சொல்வது விரைவாகப் புரிகிறது.

இப்படி ஒரு பகுதியைத் தனியே எழுதிவைத்து வேண்டியபோது அழைக்கும் முறை கணினிகளின் தொடக்கக் காலத்திலேயே வந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில் டேவிட் வீலர் இந்த அழைப்பு முறையை வகுத்தார். அங்கே அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துளையிட்ட காகித நாடாக்களாகத் தயாரித்து, நூலகத்தைப்போல அடுக்கிவைத்திருந்தார்கள். வேண்டியதை எடுத்துத் தன் நிரலோடு சேர்த்துக்கொள்ளலாம். பாடநூலின் செயற்கூறு அதிகாரத்தில் 'மறுபயன்பாடு' என்று ஒற்றைச் சொல்லாக வருவதற்குப் பின்னால் இப்படிக் கைக்கு எட்டும் ஒரு பொருள் இருந்தது என்று சொன்னபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பட்டைகளைக் கொண்டு கரையைக் கட்டினாள். கரைக்குத் தனி நிரல்பாகம். உடலுக்குப் பத்துச் சுற்று மடக்கு. கடைசியில் மறுபடி கரை.

கரை( )
மடங்கு = 1
@( மடங்கு <= 10 ) வரை
    பட்டை( "சிவப்பு", 100 )
    பட்டை( "பச்சை", 14 )
    மடங்கு = மடங்கு + 1
முடி
கரை( )

நிரல் ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் ஓடியது. மாமாவைக் கூப்பிட்டுத் திரையில் இருந்த நிரலையே காட்டினோம். வெளியீட்டை அவர் பார்க்கவில்லை. மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தவர், கடைசி முடிக்கும் கரைக்கும் நடுவில் நிறுத்தினார்.

"பத்தாவது பச்சை முடிந்ததும் நேராகக் கரையா, அம்மிணி? பச்சைக்குப் பக்கத்தில் கறுப்பு வந்தால் கரை எடுபடாது. அந்தப் பக்கம் கரையை ஒட்டிச் சிவப்பு இருக்கிறதே, இந்தப் பக்கமும் சிவப்புத்தான் இருக்கவேண்டும்."

பச்சை பத்து என்றால் சிவப்பு பதினொன்று. வேலி போடுகிறவருக்கும் இதே கணக்குத்தான்: பத்து இடைவெளிக்குப் பதினொரு கல் ஊன்றவேண்டும். நிரல் எழுதுபவர்கள் காலங்காலமாகச் சறுக்கும் இடம் இது. மடக்கைப் பதினொரு முறை ஓட்டினால் பச்சை ஒன்று மிகும். பத்தோடு நிறுத்தினால் சிவப்பு ஒன்று குறையும். மடக்கைப் பத்தாகவே விட்டு, அது முடிந்த பிறகு வெளியே பட்டை( "சிவப்பு", 100 ) என்று ஒரு வரி சேர்ப்பதுதான் நேர்வழி. மடக்குக்குள்ளேயே 'பதினொன்றாவது சுற்றா?' என்று நிபந்தனை வைத்தும் செய்யலாம். அவள் அதைத்தான் முதலில் எழுதப் போனாள். வெளியே ஒரு வரி எழுதினால் படிப்பவருக்குச் சட்டென்று விளங்கும் என்று சொல்லி மாற்றச் செய்தேன். கணக்கும் சரியாக வந்தது: சிவப்பு 1100, பச்சை 140, இரண்டு கரைகளுக்கும் சேர்த்து 200, ஆக 1440.

நெய்பவர் ஒருவர் நிரலைப் படித்து அதிலுள்ள பிழையைச் சுட்டினார். சி பிளஸ் பிளஸில் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. எழிலைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்கு வேறு நியாயம் வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு மாமா கேட்டதுதான் நிரலின் போக்கையே மாற்றியது. "ஆயிரத்து நானூறு வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இழையை எண்ணிக்கொண்டு யார் நெய்வார்கள்? எத்தனையாவது அங்குலம் வரைக்கும் கறுப்பு, எத்தனையாவது அங்குலம் வரைக்கும் சிவப்பு என்று சொன்னால் குச்சியை வைத்து அளந்துகொள்வேன்."

அவருக்கு வேண்டியது பட்டைக்கு ஒரு வரி. அந்த வரியில் நிறமும், தொடக்கத்திலிருந்து அந்தப் பட்டை முடியும் இடமும் இருக்கவேண்டும். அப்படியானால் பட்டைக்குள் இருந்த மடக்குக்கு இனி வேலை இல்லை. அவ்வளவு பாடுபட்டுக் கற்ற மடக்கை அழிக்கிறோமே என்று அவளுக்கு வருத்தம். உடலின் பத்துச் சுற்று மடக்கு மட்டும் அப்படியே இருக்கும். மடக்கு தெரியும் என்பதற்காக எல்லா இடத்திலும் மடக்குப் போடவேண்டியதில்லை. பயன்படுத்துகிறவர் எதைப் பார்க்கப் போகிறாரோ அதற்கேற்ப நிரலின் உருவம் அமையும்.

இங்கேதான் செயற்கூறின் கடினமான பாதி தொடங்குகிறது. ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டை எங்கே முடிந்தது என்று அறிந்திருக்கவேண்டும். தான் முடிந்த இடத்தை அடுத்ததற்குச் சொல்லவும் வேண்டும். அவள் இப்படி எழுதினாள்:

நிரல்பாகம் பட்டை( நிறம், எத்தனை, இடம் )
    பதிப்பி நிறம், இடம் + எத்தனை
முடி

இடம் = பட்டை( "கறுப்பு", 40, 0 )

திரையில் 40 என்று சரியாகவே வந்தது. ஆனால் இடம் என்ற பெயரில் அந்த 40 வந்து சேரவில்லை. "திரையில் தெரிகிறதே சித்தி, பிறகு ஏன் இல்லை?" என்றாள். தொடக்கநிலையில் நான் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் கேட்ட கேள்வி இது. பதிப்பிப்பது வேறு, பின்கொடுப்பது வேறு. மாவு மில்லில் மிளகாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறோம். அரைப்பவர் 'நன்றாக அரைபட்டிருக்கிறது' என்று சன்னல் வழியே சொல்லிவிட்டுத் தூக்குப்போசியை உள்ளேயே வைத்துக்கொண்டால், நமக்குச் செய்தி கிடைத்தது, தூள் கிடைக்கவில்லை. பதிப்பி என்பது அந்தச் செய்தி. மனிதர் கண்ணுக்கு மட்டும். பின்கொடு என்பது தூக்குப்போசியை நம் கையில் தருவது; அதை வைத்து அடுத்த வேலையைச் செய்யலாம்.

மடக்கை மாணவர்கள் எப்படியும் பிடித்துவிடுகிறார்கள். செயற்கூறுக்குள் மதிப்பை அனுப்புவதும் வந்துவிடும். வெளியே திரும்பி வரும் மதிப்பை எடுத்து அடுத்த கணக்கில் சேர்ப்பது வராதவரை, செயற்கூறு என்பது சுருக்கி எழுதும் வசதி மட்டுமே. அது வந்த பிறகுதான் ஒன்றின் விளைவை இன்னொன்றின் தொடக்கமாக வைத்துப் பெரிய வேலையைக் கட்ட முடியும். பாடநூல் பயிற்சிகளில் பெரும்பாலானவை விடையை அச்சிடுவதோடு முடிந்துவிடுவதால் இந்த வேறுபாடு மாணவர்களுக்குத் தேவைப்படுவதே இல்லை. தேவைப்படாதது புரிவதில்லை. ஒன்றின் முடிவிலிருந்து மற்றொன்று தொடங்கவேண்டும் என்கிற இந்தப் பட்டைக் கணக்கில் அதைத் தவிர்க்கவே முடியாது.

திருத்திய நிரல்:

நிரல்பாகம் பட்டை( நிறம், எத்தனை, இடம் )
    புதிய_இடம் = இடம் + எத்தனை
    பதிப்பி நிறம், புதிய_இடம் / 20
    பின்கொடு புதிய_இடம்
முடி

நிரல்பாகம் கரை( இடம் )
    இடம் = பட்டை( "கறுப்பு", 40, இடம் )
    இடம் = பட்டை( "மஞ்சள்", 20, இடம் )
    இடம் = பட்டை( "கறுப்பு", 40, இடம் )
    பின்கொடு இடம்
முடி

இடம் = கரை( 0 )
மடங்கு = 1
@( மடங்கு <= 10 ) வரை
    இடம் = பட்டை( "சிவப்பு", 100, இடம் )
    இடம் = பட்டை( "பச்சை", 14, இடம் )
    மடங்கு = மடங்கு + 1
முடி
இடம் = பட்டை( "சிவப்பு", 100, இடம் )
இடம் = கரை( இடம் )

கறுப்பு 2, மஞ்சள் 3, கறுப்பு 5, சிவப்பு 10, பச்சை 10.7, சிவப்பு 15.7 என்று வரிசையாக வந்து, கடைசிக் கறுப்பு 72இல் முடிந்தது. 72ஐப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த மகிழ்ச்சியை எந்த வாய்ப்பாட்டுப் பயிற்சியும் தந்ததில்லை.

இதில் இரண்டு விவரங்கள். இடத்தை அங்குலமாகக் கூட்டிக்கொண்டு போகாமல் ஊடை எண்ணிக்கையாகவே கூட்டி, அச்சிடும்போது மட்டும் 20ஆல் வகுக்கிறோம். பச்சைப் பட்டை 0.7 அங்குலம். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைப்பதால் 0.7 போன்ற பின்னங்களை அதனால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள்: 0.30000000000000004 என்று வரும். மீண்டும் மீண்டும் கூட்டும் மடக்கில் இந்தத் துளி சேர்ந்துகொண்டே போகும். முழு எண்ணாகக் கூட்டினால் அந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று, கரைக்கு உள்ளே இருக்கும் இடமும் வெளியே இருக்கும் இடமும் ஒன்றுதானா என்ற கேள்வி. ஒன்றல்ல. உள்ளே இருப்பது அந்த நிரல்பாகம் ஓடும் நேரத்துக்கு மட்டும் அதற்கே உரியது. நம்புவதற்காகக் கரைக்குள் இருந்த இடம் என்ற பெயரையெல்லாம் 'நிலை' என்று மாற்றி ஓட்டச் சொன்னேன். விடை மாறவில்லை.

நூல் எடைக்கு வந்தோம். பருத்தி நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டா எத்தனை இருக்கிறது என்ற கணக்கு. நம்பர் கூடக் கூட நூல் மெலியும். 840 கெஜம் ஏறக்குறைய 768 மீட்டர். கிலோவுக்கு மாற்றினால், முதல் நம்பர் நூல் ஒரு கிலோவில் 1693 மீட்டர் இருக்கும். பத்தாம் நம்பரில் 16,930 மீட்டர். மாதிரிக்குப் பத்தாம் நம்பர் நூலை நான்கு இழை சேர்த்துத் தார் சுற்றியதாக வைத்துக்கொண்டோம். அகலம் 1.2 மீட்டர்.

அவள் முதலில் எடைக் கணக்கையும் பட்டைக்குள்ளேயே நுழைக்கப் பார்த்தாள். அப்படிச் செய்தால் எடை மட்டும் தெரிந்தால் போதும் என்கிறபோதும் பட்டைப் பட்டியல் முழுவதும் அச்சாகும். அதனால் தனியாக வைத்தோம். இதில் பதிப்பி என்ற சொல்லே கிடையாது. எடுத்துக்கொண்டு திருப்பித் தருவது மட்டும்.

நிரல்பாகம் நூல்_எடை( எத்தனை, அகலம், நம்பர், சேர்த்த_இழை )
    மீட்டர் = எத்தனை * அகலம் * சேர்த்த_இழை
    பின்கொடு மீட்டர் / ( 1693 * நம்பர் )
முடி

பதிப்பி "சிவப்பு", நூல்_எடை( 1100, 1.2, 10, 4 )

விடை கிலோவில் வரும். கிராமாக மாற்றினால் சிவப்புக்கு 312 கிராம், கறுப்புக்கு 45, பச்சைக்கு 40, மஞ்சளுக்கு 11. மொத்த ஊடை 408 கிராம். சரிபார்ப்பதற்கு ஒரு நல்ல வாய்ப்பும் தானாக அமைந்தது: கறுப்புக்கு 160 ஊடை, 1.2 மீட்டர், நான்கு இழை என்று பெருக்கினால் 768 மீட்டர், அதாவது சரியாக ஒரு சிட்டா. பத்தாம் நம்பரில் பவுண்டுக்குப் பத்து சிட்டா என்பதால் ஒரு சிட்டாவின் எடை பவுண்டில் பத்தில் ஒன்று, 45 கிராம் சொச்சம். நிரல் சொன்னதும் அதுவே. கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு விடையாவது ஒவ்வொரு செயற்கூறுக்கும் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

மாமா 408ஐப் பார்த்துவிட்டு, "இந்த அளவுக்கு நூல் வாங்கினால் கடைசிக் கரைக்குப் பற்றாது" என்றார். ஊடை நேர்க்கோடாகப் போவதில்லை. பாவு இழைகளின் மேலும் கீழும் வளைந்து போகிறது, ஓரத்தில் திரும்புகிறது, தார் தீரும்போது மிச்சம் விழுகிறது. எவ்வளவு கூட்டவேண்டும் என்பது கை அனுபவம். அந்த எண்ணை நிரலுக்குள் புதைத்துவைக்காமல் சேதாரம் என்று ஐந்தாவது அளபுருவாகச் சேர்த்தாள். நூற்றுக்கு இத்தனை என்று மாமா தரும் எண் அதில் போகும். நூல் மாறினால் அவர் எண்ணை மாற்றுவார், செயற்கூறு மாறாது. பட்டைக்குள் இருக்கும் 20க்கும் இதே மருத்துவம் தேவை என்பதை அவளே கண்டுபிடித்தாள். இப்போது அதுவும் 'அங்குல_ஊடை' என்ற பெயரில் வெளியிலிருந்து வருகிறது.

பள்ளிப் பாடத்துக்கு உதவட்டும் என்று அதே நிரலைப் பைத்தானில் எழுதிப் பார்த்தோம். நிரல்பாகத்துக்கு டெஃப், பின்கொடுக்கு ரிட்டர்ன். முடி என்ற சொல்லுக்குப் பதிலாக வரியின் உள்தள்ளலே எல்லையைக் காட்டும். ஆகவே மடக்குக்கு வெளியே வரவேண்டிய பதினொன்றாவது சிவப்பை இடது ஓரத்துக்கு இழுத்து எழுதாவிட்டால் அது ஒவ்வொரு சுற்றிலும் வந்துவிடும். மடக்கின் சுற்றுகளைச் சொல்லும் ரேஞ்ச் என்பதற்குள் 10 என்று கொடுத்தால் 0 முதல் 9 வரை ஓடும். சுற்று பத்துதான், எண் மட்டும் ஒன்று குறைவு. சி பிளஸ் பிளஸில் எதையும் பின்கொடுக்காத செயற்கூறுக்கு வாய்ட் என்று முன்னால் எழுதவேண்டும். அந்தச் சொல்லை இதுவரை காரணம் தெரியாமல் எழுதிவந்தவள், அவளுடைய முதல் பட்டை வாய்ட் என்றும் முழு எண்ணைப் பின்கொடுக்கும் இரண்டாவது பட்டை இன்ட் என்றும் தானாகச் சொன்னாள்.

அடுத்து வந்திருக்கும் ஜமக்காளத்தில் கரை இரு பக்கமும் ஒன்றுபோல இல்லை. வெளி ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. ஆகவே ஒரு முனையில் வெள்ளை முதலில் வரும், மறுமுனையில் கடைசியில் வரும். அவள் கரைக்கு 'திசை' என்று ஓர் அளபுரு சேர்த்து உள்ளே நிபந்தனை வைக்கலாம் என்கிறாள். தொடக்கக் கரை, முடிவுக் கரை என்று இரண்டு நிரல்பாகங்களாக வைத்தால் மாமாவுக்குப் படிக்க எளிது என்பது என் கட்சி. இரண்டையும் எழுதி அவரிடம் காட்டப் போகிறோம்.